கழுவிய ஷூ

மழையில் நனைந்த ஷூவை அலுவலக மேசைக்கடியில் கழற்றினேன். அந்த ஈர வாடையில் மதுரை லாட்ஜ் அறை நினைவுக்கு வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. மறுநாள் அக்கா அங்கே மாரத்தான் ஓட வேண்டும். காசிமேட்டிலிருந்து குடும்பமே கூடப் போயிருந்தோம்.

மீன் விற்கும் அம்மா, வழிக்கு எடுத்துவந்த கருவாட்டோடு ஒரே பையில் அக்காவின் ஷூவையும் வைத்துவிட்டாள். மற்ற பெண்கள் மூக்கைப் பொத்துவார்களே என்று, வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவியும் விட்டாள். வெளியே வெயில் இல்லை, மின்விசிறி மெதுவாகத்தான் சுற்றியது, வேறு ஷூவும் இல்லை.

“நாளைக்கு இன்னாத்த போட்டுக்கினு ஓடுவா?” என்றார் நைனா.

“நீ வருசம் பூரா போட்ல ஈரக்காலோடதான நிக்கிற?” என்றாள் அம்மா.

“நிக்கிறேன். ஓடிக்கினா கீறேன்?”

அம்மா ஷூவை மடியில் வைத்து முந்தானையால் ஒற்றிக்கொண்டே இருந்தாள். சாப்பிடவும் எழவில்லை. சாயங்காலம் அக்கா அதை வாங்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தாள்.

“காஞ்சிடுச்சும்மா. வா, துன்னலாம்.”

அம்மா கைகழுவப் போனதும் நானும் விரலை விட்டுப் பார்த்தேன். சொதசொதவென்று இருந்தது. அக்கா என்னைப் பார்த்து, சொல்லாதே என்று தலையசைத்தாள்.

அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.