பதினான்காவது பேனா

கவர்னரின் பெயரில் ஒன்பது எழுத்துகள்தான். ஒரு சட்டத்துக்காக உழைத்தவர்களுக்கு, அவர் அதில் கையெழுத்துப் போட்ட பேனாவையே நினைவாகக் கொடுப்பது வழக்கம்; அன்றைக்கு ஆளுக்கொன்றாகப் போய்ச் சேரவேண்டியது பதினான்கு பேருக்கு. அதனால் சில எழுத்துகளை இரண்டாக உடைத்து, எந்தக் கோட்டை எந்தப் பேனா இழுக்கும் என்று வெர்னா ஓடகார்ட் ஒரு தாளில் குறித்துவைத்தாள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் அவள் வேலை: சட்டத்தின் கடைசிப் பிரதியை வரிவரியாகச் சரிபார்ப்பது, கையெழுத்து நாளில் பேனாக்களை அடுக்குவது, முடிந்ததும் உரியவரிடம் கொடுப்பது. காற்புள்ளி தவறியிருந்தால் அவள் எழுதிக் கொடுக்கலாம். நியாயம் தவறியிருந்தால் எழுதிக் கொடுக்க அந்த ஆபீஸில் படிவம் கிடையாது.

தானியக் கிடங்குத் தூசியால் நுரையீரல் கெட்டவர்களுக்கு மருந்தும் மாத உதவியும் தரும் சட்டம் இது. ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு பதினொரு வருஷம் ஒவ்வொரு கமிட்டி முன்னாலும் பேசியவர் லேலண்ட் ட்வெட். கடைசி வாரம் செனட்டில் ஒரு வரி சேர்ந்தது: அமலாகும் நாளில் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும். லேலண்ட் கிடங்கு வேலையை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. செவ்வாய்க்கிழமை அந்த வரியை வெர்னா மூன்று முறை படித்தாள். பிழை எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை, கவர்னர் கையெழுத்திட்டுக் கைதட்டல் அடங்கியதும், கடைசிப் பேனாவை லேலண்டிடம் நீட்டினாள்.

"ஏம்மா, என்னோடது எதை எழுதிச்சு?"

"கடைசி எழுத்தோட வாலு."

"வாலா? சரிதான், நமக்கு அளந்துதான் வெச்சிருக்காங்க."

சிரித்ததில் இருமல் வந்தது. அடங்க நேரமாயிற்று. திங்கட்கிழமையே மனு கொடுக்கலாமா, எந்த ஆபீஸ் என்று விசாரித்தார்.

வெர்னா சட்டத்தின் நகலைப் புரட்டி அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். வேறு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் உதடசைத்துப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"நீதானே போன் பண்ணி வரச் சொன்ன. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன்."

"அதுவும் தெரியும்."

சுவரோரம் நின்ற அவர் மனைவி ஆர்லிஸுக்கு எதுவும் கேட்கவில்லை. செல்போனைத் தூக்கிப் பிடித்து, பேனாவை உயர்த்திக் காட்டும்படி சைகை செய்தாள். லேலண்ட் உயர்த்திக் காட்டினார்.

"கொஞ்சம் சிரிச்சாத்தான் என்னவாம்?" என்றாள் ஆர்லிஸ்.

சிரித்தார்.