மண்மேட்டில் முளைத்த சொடக்குத் தக்காளி

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, நெய்வேலிச் சுரங்கத்து மண்மேட்டில் மரக்கன்று நடும் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனேன். நிலக்கரிக்காகத் தோண்டிய மண்ணை மலைபோல் கொட்டிவைத்த இடம் அது. வெளுத்துப்போய், கால் வைத்தால் மாவுபோலப் புதையும். நட்டதில் பாதி ஒரே மாதத்தில் கருகிவிடும்.

அந்த மண்ணில் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் முளைத்தது சொடக்குத் தக்காளிதான். முழங்கால் உயரம்கூட இருக்காது. கிளைதோறும் காகிதக் கூடுபோலக் காய் தொங்கும். கூடு காய்ந்து உள்ளே பழம் மஞ்சளானதும் பறித்துத் தின்போம். இனிப்பும் புளிப்புமாக இருக்கும். வெயிலில் வறண்ட வாய்க்கு அது அமிர்தம்.

என்னோடு தண்ணீர்க் குடம் சுமந்தவர் காடாம்புலியூர் அக்கா ஒருவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலைத் தவிர வேறெதற்கும் லீவு போடமாட்டார். அதிர்ந்து பேசியும் நான் கேட்டதில்லை.

ஐப்பசி பிறந்த சமயம். அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள், சொடக்குத் தக்காளி உட்படக் களையெல்லாம் பிடுங்குங்கள் என்றார் சூப்பர்வைசர். கிழக்குச் சரிவை முடித்தோம். மேற்குச் சரிவுக்கு வந்ததும் அக்கா குனியவே இல்லை.

"இது மண்ணப் புடிச்சிகினு நிக்குது சார். மழ வர்ற நேரத்துல புடுங்கலாமா?"

"களைக்கு வக்காலத்தா? வேலை வேணுமா வேணாமா?"

"வேணுங்க. கன்னு அடிச்சிகினு போனா மறுபடி நாங்கதான நடணும்?"

அக்கா குடத்தை இடுப்பில் வைத்தபடி அசையாமல் நின்றார். "கன்னு போச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்" என்று முறைத்துவிட்டு சூப்பர்வைசர் இறங்கிப் போனார்.

மூன்று நாள் விடாத மழை. அதிகாரிகள் வரவில்லை. நான்காம் நாள் ஏறிப் பார்த்தால், கிழக்குச் சரிவில் ஆள் இறங்குமளவு மண் அரித்துப் போயிருந்தது. கன்றுகள் அடிவாரத்துச் சேற்றில் கிடந்தன. மேற்குப் பக்கமும் சேதம்தான். ஆனால் முக்கால்வாசிக் கன்றுகள் நின்றன. அவற்றைச் சுற்றிச் சொடக்குத் தக்காளி, மண் அப்பிய இலைகளோடு படுத்துக் கிடந்தாலும் அதன் வேர் மண்ணை விடவில்லை.

சூப்பர்வைசர் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். "சரி, இந்தப் பக்கம் இருக்கட்டும்" என்றார்.

அக்கா அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கிழக்குச் சரிவில் மறுபடி குழி வெட்டியபோது, மடி நிறையப் பழுத்த பழம் பறித்துவந்தார். ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் ஒரு பழத்தை நசுக்கி, விதையை மண்ணில் தேய்த்துவிட்டு நகர்ந்தார். நானும் கை நீட்டி ஒரு பிடி வாங்கிக்கொண்டேன்.