பாசி தேடி இறங்கியவள்

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு போன். எங்கள் கரிசல் காட்டுப் பக்கம் ஆடு மேய்க்கும் அண்ணாச்சி.

"யக்கா, ஒங்க பாப்பா செருப்பு கெணத்து மேட்டுல கெடக்கு. ஜோடியா. போனும் இருக்கு. கூப்புட்டுப் பாத்துட்டேன்... சத்தமே இல்ல."

கிணற்று மேட்டில் ஜோடியாகக் கழற்றி வைத்த செருப்பு. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்து ஆட்களிடம் யாராவது விளக்க வேண்டுமா?

அன்று காலைதான் மகளின் செமஸ்டர் மார்க்கைப் பார்த்தேன். காலேஜில் முதல் வருடம், தாவரவியல். லீவுக்கு வந்திருக்கிறாள். "நீயெல்லாம் எதுக்குட்டி படிக்கே?" – இதுதான் நான் கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

ஓடினேன். மழை பெய்த கரிசல். அரை கிலோமீட்டருக்குள் இரண்டு காலிலும் மண் கட்டி கட்டியாக அப்பிக்கொண்டது. காலையில் கேட்ட அந்த ஒரு கேள்வி அதைவிடக் கனத்தது.

அண்ணாச்சி கிணற்றை விட்டுப் பத்தடி தள்ளி நின்றார். "எட்டிப் பாக்கத் தைரியம் இல்லக்கா."

எனக்கு மட்டும் இருந்ததா? பார்த்தேன்.

தண்ணீருக்குச் சற்று மேலே, சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படியில் ஒண்டி உட்கார்ந்திருந்தாள். கையில் ஸ்பூன். மடியில் டிபன் டப்பா.

"எம்மா, கத்தாத. ரெக்கார்டு நோட்டுக்குப் பாசி எடுக்கேன்."

"அண்ணாச்சி கூப்புட்டது காதுல விழலையாட்டி?"

"விழுந்துச்சி. பதில் சொன்னா ஒன்கிட்ட சொல்லிருவாவன்னுதான் கமுக்கமா இருந்தேன்."

"செருப்பு?"

"சேறு ஒட்டுன செருப்போட எறங்குனா வழுக்கும்லா?"

அண்ணாச்சி தலைத்துண்டை உதறினார். "நல்லா இருக்குக்கா ஒங்க படிப்பு! எனக்கு உசுரே போயிட்டு."

ஏறி வரச் சொன்னேன். சும்மா ஏறுவாளா? படிக்குப் படி நின்று லெக்சர்.

"தண்ணியில வழவழன்னு பாசி மெதக்குது பாரு, இதுகளோட ஆதி சொந்தக்காரங்கதான் மொதல்ல கரைக்கு வந்தது. இந்தக் கல்லுல வெல்வெட்டு மாதிரி இருக்கு, இதையும் பாசின்னுதான் சொல்லுவோம், ஆனா இது வேற. மேல ஏறிட்டு... ஆனா வேரு கெடையாது. ஒடம்பெல்லாம் நனையணும். ஆண் அணு பெண்ணைத் தேடி நீந்தித்தாம்மா போவணும்!"

அடுத்து, கல் இடுக்கில் பெரணி. அதன் தண்டுக்குள் தண்ணீரை மேலே ஏற்றும் குழாய் வந்துவிட்டதாம். அதனால் நிமிர்ந்து நிற்கிறது. வம்சம் வளர்க்க மட்டும் இன்னமும் ஈரம் வேண்டும்.

கிணற்று மேட்டில் முள் நிறைந்த உடை மரம். வேர் ஆழத்தில். இலை காயாமல் இருக்க மேலே மெழுகுப் பூச்சு. காற்று வாங்கச் சின்னச் சின்ன ஜன்னல்கள், வெயில் ஏறினால் அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, விதை. உள்ளே கட்டுச்சோறு, மேலே கெட்டியாக ஒரு மேல்சட்டை. இனி எங்கே விழுந்தாலும் மழை வரும்வரை தாங்கும்.

தண்ணீரை விட்டு வெளியேறக் கோடிக்கணக்கான வருடங்கள் செடிகள் பட்ட பாட்டை, எங்கள் கிணற்றுச் சுவர் கீழிருந்து மேலாக எழுதி வைத்திருக்கிறது. நாற்பத்தேழு வயது வரை நான் அதில் மோட்டார் பைப்பை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் தோன்றியது. கட்டுச்சோறு கட்டிப் பிள்ளையை அனுப்பும் செடி, கூடவே குத்தலாக ஒரு வார்த்தையைக் கட்டி அனுப்புவதில்லை. நாம்தான்...

மேலே வந்தவள் என் காலில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். "செருப்பப் பாத்துட்டு என்னம்மா நெனச்சே?"

"மார்க் போனாப் போவுதுட்டி."

அவள் கேட்டது அதுவல்ல. ஆனாலும் என் பக்கத்தில் வந்து ஒட்டி நின்றாள். பிறகு டப்பாவை நீட்டினாள்.

"கவுத்திராமப் பிடி. பெரணி எடுக்க மறந்துட்டேன், இன்னொரு தடவ எறங்கணும்."

வாங்கிக்கொண்டேன். மேட்டில் கிடந்த செருப்பை எடுத்து இன்னொரு கையில் வைத்துக்கொண்டேன்.