கரிந்த வரகும் கண்டு சொன்னவரும்

ரோமானியப் பேரரசின் தொலைதூர மாகாணங்களில் மக்கள் என்ன உண்டனர் என்பதை, அடுப்பில் தவறி விழுந்து கரிந்த தானியங்களே இன்று நமக்குச் சொல்கின்றன. கோதுமை, வாற்கோதுமை, அத்தி; சில படைமுகாம்களின் கழிவுக் குழிகளில், கடல் கடந்து சென்ற நம் நாட்டு மிளகு. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவனாகிய நான், விழுப்புரம் நூலகத்தில் இவற்றைப் பல ஆண்டுகள் தேடிப் படித்தவன். ஆதலால், நம் கடற்கரையில் அக்காலத்துத் துறைமுக மேடொன்றைத் தோண்டிய ஆய்வாளர் அம்மையார், மண் மூட்டைகளைத் திண்டிவனத்தில் ஒரு வாடகை வீட்டில் வைத்து என்னை உதவிக்கு அழைத்தபோது, என் காலம் வந்ததென்றே எண்ணினேன்.

அங்கே மண்ணைத் தொட்டி நீரில் கலக்க, பிரம்மதேசம் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி கூலிக்கு வந்துகொண்டிருந்தார். கலக்கினால் கரித்துகள்கள் மிதக்கும். அவற்றைத் துணியில் வடித்து உலர்த்துவார். அட்டைகளில் பெயரெழுதுவது என் பணி.

ஒரு நாள் சில கருமணிகள் மிதந்தன. ஆய்வாளர் என்னை நோக்கினார்.

"கேப்பை" என்றேன், ஐயமின்றி.

அப்பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நல்லா பாருங்க பெரியவரே. கேப்பை உருண்டையா இருக்கும். இது ஒரு பக்கம் சப்பை, ஒரு பக்கம் மேடு. வரகுங்க."

"எந்தப் பொஸ்தவத்துல படிச்ச நீ?" என்று கேட்டுவிட்டேன்.

"பொஸ்தவமா? இதோட தோலு போறதுக்குள்ள நம்ம தோலு பூடும். சின்ன வயசுல திருகை சுத்திக்கினு அழுதவளுக்குத் தெரியாதா?"

ஆய்வாளர் புதுத் தானியங்களைக் கரித்து, உருப்பெருக்கியில் ஒப்பிட்டார். வரகேதான். அன்று முதல் எது மிதந்தாலும் அவர் முதலில் அழைத்தது அப்பெண்மணியைத்தான். பேருந்தில் திரும்புகையில், அப்பெண்மணி ஒரு முறையேனும் தவறவேண்டுமென்று விரும்பினேன். அவரோ அறியாததைத் "தெரியலைங்க" என்று எளிதாகச் சொல்லிவிட்டார். என்னால் இயலாத அந்தச் சொல்லே என்னை மிகவும் சுட்டது.

அட்டையின் கடைசி வரி, 'கண்டு சொன்னவர்'. அப்பெயரே அறிக்கையில் ஏறும். வரகின் அட்டையில் அவ்வரியை நான்கு நாட்கள் வெறுமையாக விட்டிருந்தேன். ஐந்தாம் நாள் அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"என் பேரு எங்கங்க?"

எழுதினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"என்னங்க இது, எறும்பு ஊர்ற மாரி? வரகுக்குப் பெரிசா போட்டுட்டு எனக்குப் பொடிசா போட்டீங்க?"

அவ்வட்டையைக் கிழித்தேன். புதியதொன்றில், வரகு என்ற சொல்லின் அளவிலேயே அவர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். மை உலரும்வரை அவர் அதை ஊதிக்கொண்டே நின்றார். பொறாமை எனக்கு அப்போதும் இருந்தது.