உப்புப் பார்க்காத கஞ்சி

நிந்தவூரிலிருந்து மருதமுனைக்கு மாப்பிள்ளையாக வந்த ஷரிபுதீன், குடியிருந்தது மனைவி ஹாஜறாவின் சீதன வீட்டில். சாப்பிட்டது அவள் சமைத்ததை. புகழ்ந்தது மட்டும், மவுத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட தன் உம்மாவின் கையை.

நோன்பு மாதம் வந்தால் ஹாஜறாவுக்குக் கஞ்சிதான் கவலை. அரிசி ஊறவைத்து, தேங்காய்ப்பால் பிழிந்து, இஞ்சியும் உள்ளியும் ரம்பை இலையும் போட்டு, அசர் தொழுகைக்குப் பிறகு கஞ்சி காய்ச்சுவாள். நுனிநாக்கில் வைத்து உப்புப் பார்த்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று மற்றப் பெண்கள் சொல்வார்கள். அவளுக்கு மனம் ஒப்பாது. கை போன போக்கில் உப்பைப் போடுவாள். பாங்கு சொன்னதும் ஷரிபுதீன் முதல் மிடறு குடிப்பார். நோன்பு திறக்கவும் மறந்து அவள் அவர் முகத்தையே பார்த்திருப்பாள்.

"உப்புக் கூடிட்டு. எங்கட உம்மாட கஞ்சியக் குடிச்சவனுக்கு இது எறங்குமா?"

ஒருநாளாவது நல்லம் என்று சொல்லமாட்டாரா என்று அவள் ஏங்கினாள். மகள் ஸப்னாவைக் கட்டிக்கொடுத்த பிறகும் அந்த ஏக்கம் போகவில்லை. வெட்கம் கெட்ட ஏக்கம்தான்.

போன நோன்பில் ஒருநாள் அவளுக்கு நல்ல காய்ச்சல். அரிசி ஊறவைக்கத் தெம்பில்லை. ஸப்னா கொண்டுவந்து வைத்திருந்த கஞ்சிப் பக்கற்றை வெட்டி, கொதிதண்ணீரில் கரைத்து வைத்தாள். கடையிலிருந்து வந்த ஷரிபுதீன் கோப்பையை வழித்துக் குடித்தார்.

"இண்டைக்குத்தான் எங்கட உம்மாட கஞ்சி மாதிரி இரிக்கி. கெழவியான பொறகுதான் ஒனக்குக் கை பழகியிரிக்கி."

அவளும் குடித்துப் பார்த்தாள். தேங்காய்ப்பாலின் வாசமே இல்லை. இஞ்சிக்குப் பதிலாக ஏதோ தூள் தொண்டையில் கரகரத்தது. இதனிடமா நான் தோற்றேன் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கற் என்று அவரிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அரிசியும் ஊறவைக்கவில்லை.

இந்த வருடம் ஷரிபுதீன் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காமல் படுக்கையில் விழுந்தார். கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. ஹாஜறா பக்கற் கஞ்சியைக் கரைத்துக் கரண்டியால் பருக்கினாள். ஒருநாள் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முந்திக் காச்சுவியே, தேங்காப்பால் விட்டு. அதத் தாவன்."

"அது உப்புக் கூடின கஞ்சியல்லவா?"

"சும்மா சொன்ன நான். எங்கட உம்மா எங்க கஞ்சி காச்சின? பள்ளிவாசல் கஞ்சிதான் வாங்கிக் குடிச்ச நாங்க. ஒண்ட கஞ்சிதான் நல்லம், ஹாஜறா."

வாழ்நாளெல்லாம் காத்திருந்த சொல் வந்தேவிட்டது. ஹாஜறா குசினிக்குப் போனாள். உரித்த தேங்காய் இருந்தது, அரிசி இருந்தது. நோன்பும் இல்லை, உப்புப் பார்த்தே காய்ச்சலாம்.

கத்தரிக்கோலை எடுத்துப் பக்கற்றை வெட்டினாள்.

முதல் கரண்டியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. கண் நிறைந்து வழிய அவளைப் பார்த்தார்.

"உப்புச் சரிதானே?" என்று கேட்டுக்கொண்டே ஹாஜறா அடுத்த கரண்டியை நீட்டினாள்.