செருப்பில் ஒட்டிய தெரு

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு கடை வாசலில் யாரோ கொட்டிவிட்டுப் போன திராட்சையை மிதித்துவிட்டேன். அந்தப் புளித்த இனிப்பு வாடை மூக்கில் ஏறியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

தெற்குப் பிரான்சின் ஆற்றோரத்தில், வைனுக்காகவே திராட்சை வளர்த்த, நாங்கள் முன்பு இருந்த சின்ன ஊரில், அறுவடைக் காலம் முழுக்க டிராக்டர்கள் சாறு ஒழுக ஒழுகப் போவதால் தெருவே பிசுபிசுத்து, நடப்பவர்களின் செருப்பெல்லாம் 'சப்பக், சப்பக்' என்று தாரிலிருந்து பிய்ந்து வரும், குளவிகள் கூடவே வரும். பழம் பறித்துக் களைத்த அம்மா வாளித் தண்ணீரோடு வாசலில் நின்று, "காலைக் கழுவாமல் ஒருத்தரும் உள்ளுக்கு வரேலாது" என்று எங்களையும், சிரித்தபடி நிற்கும் பிரெஞ்சுக்காரத் தோட்ட முதலாளியையும் தமிழிலேயே மறிப்பார்.

பிறகு, வைன் விலைபோகவில்லையென்று கொடிகளை வேரோடு பிடுங்கினார்கள். தெரு காய்ந்தது. நாங்கள் லண்டன் வந்தோம்.

இன்று அந்தத் தவிப்பில் செருப்போடேயே வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். பலகைத் தரையில் அதே சத்தம். அம்மா திரும்பிப் பார்த்தார். ஏச்சு விழப்போகிறதென்று செருப்பைக் கழற்ற அவசரமாய்க் குனிந்தேன்.

"கழட்டாதை," என்றார். "இன்னொருக்கா நட, பிள்ளை."