வளைவில் இறங்கி நடந்தவர்

காலைப் பிரார்த்தனைக்கு மாணவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது ஜெனிட்டாவின் அழைப்பு வந்தது. "டீச்சர், அப்பா போயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க, கஷ்டப்படல" என்றாள். எங்கள் பாடசாலையில் நெடுங்காலம் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற சவரிமுத்து சேர்தான் அந்த அப்பா. அன்று பிரார்த்தனையில் என் வாய் அசைந்தது, மனம் அங்கே இல்லை.

மஸ்கெலியாப் பக்கத்து மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டுகிறவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் சேர் குடியிருந்த தேயிலைத் தோட்டத்திலிருந்து பாடசாலைக்கு வரும் பாதை நீர்த்தேக்கத்தின் ஓரமாகவே வருவதால் ஏற்றம் அதிகமில்லை. வளைவுகள்தான் அதிகம். அப்போதுதான் முதலாம் வகுப்பில் சேர்ந்திருந்த ஜெனிட்டாவுக்கு அந்த வளைவுகளே எமன். பஸ் ஏறினால் வாந்தி. முகரத் தேசிக்காய், மாத்திரை, முன் சீட்டு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் பஸ்ஸைக் கண்டாலே அழுது, பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நின்றுவிட்டாள். "அடுத்த வருஷம் அனுப்பிக்கலாம் சேர், புள்ள பாவம்" என்றார்கள் அக்கம்பக்கத்தினர். சேர் ஹட்டனுக்குப் போய் ஒரு சைக்கிளோடு வந்து இறங்கினார்.

வாங்கிய மறுநாளே பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடவில்லை. பின்னால் சாய்மானமும் பட்டியும் வைத்த சிறு இருக்கையைப் பூட்டினார். பிள்ளையின் கால் சக்கரத்துக்குள் போகாதபடி இரண்டு பக்கமும் பலகை அடித்தார். அதில் அரிசி மூட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு பல நாள் தனியாக ஓட்டிப் பழகினார். "அரிசிக்கு வாந்தி வருதா சேர்?" என்று ஆசிரியர் அறையில் கேலி செய்தோம். "அரிசி அப்படியே உக்காருது டீச்சர். எங்க பாப்பா குருவியக் கண்டா திரும்புவாளே, அதுக்குத்தான் யோசிக்கிறேன்" என்றார்.

வீட்டில் இருந்த பிள்ளையின் மழைக்கோட்டு பச்சை. அதை ஒதுக்கிவிட்டு மஞ்சளில் ஒன்று வாங்கினார். "தேயிலையும் பச்ச, கோட்டும் பச்சன்னா பனியில டிரைவருக்கு என்னாங்க தெரியும்?" தலைக்கவசம் போடாமல் இருவரும் முற்றத்தைக்கூடத் தாண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது அவருடைய இன்னொரு வழக்கம். மறைவான வளைவு எது வந்தாலும் முன்கூட்டியே இறங்கிவிடுவார். பிள்ளையையும் இறக்கி, மண்மேட்டுப் பக்கமாக நிறுத்தி, வண்டிச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வளைவைத் தாண்டி, "ரோடு நல்லாருக்கு, ஏறிக்க பாப்பா" என்பார். இதனால் வரவுப் புத்தகத்தில், பிந்தி வருகிறவர்களைப் பிரிக்கப் பாடசாலை அதிபர் போடும் சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான் பல நாள் அவர் கையெழுத்து விழும். "ஓட்டுறதுக்கு வாங்குனீங்களா, தள்ளுறதுக்கு வாங்குனீங்களா?" என்று அதிபரே கேட்டார். சேர் சிரித்தார். "கோட்டுக்குக் கீழ போட்டுக்கிறேங்க சேர். புள்ளைய பத்திரமா கொண்டாந்துட்டேன்ல."

ஒரு பனிக்காலைதான் எங்கள் கேலிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. முனியாண்டி கோயில் வளைவில் லொறிக்காரர்கள் இறங்கிச் சூடம் ஏற்றாமல் போவதில்லை. வளைவு என்றும் பார்க்கமாட்டார்கள், அங்கேயே நிறுத்துவார்கள். அன்றும் நான் வந்த பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு லொறி நின்றது. அதை விலத்திக்கொண்டு வந்த பஸ் ஒன்று நேராக எங்கள் பக்கத்துக்குள் பாய்ந்தது. நான் இருந்த பஸ் குலுங்கி நின்றது. எதிர் பஸ் எங்கள் பக்கத்து மழைநீர்க் கானை உரசித் திரும்பிப் போனது. சைக்கிளில் வருகிறவர் அந்த இடத்தில் இருந்திருந்தால்? யன்னலைத் திறந்து பார்த்தேன். சற்றுப் பின்னால், மண்மேட்டின் மேல் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பிள்ளை சேரின் கையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"சேர், ஒண்ணும் ஆகலீங்களே?" என்று கத்தினேன்.

"நாங்க இன்னும் வளைவுக்கே வரல டீச்சர். நீங்க போங்க, அவசரமில்ல" என்றார். குரலில் பதற்றமே இல்லை. அன்றும் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்து. பேனாவை அதிபரே எடுத்துக் கொடுத்தார்.

வளர வளர ஜெனிட்டாவுக்கு பஸ் பழகிவிட்டது. இன்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள்.

நேற்று அடக்கம். தோட்டத்துப் பையன்கள் பெட்டியைத் தோளில் சுமக்க, அதே பாதையில் கல்லறைக்கு நடந்தோம். நல்ல பனி. முனியாண்டி கோயில் வளைவுக்குச் சற்று முன்னால் ஜெனிட்டா, "கொஞ்சம் நில்லுங்க அண்ணே" என்றாள். ஊர்வலம் முழுவதும் நின்றது. அவள் மட்டும் மண்மேட்டு ஓரமாக வளைவு வரை நடந்துபோய்க் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினாள்.

"ரோடு நல்லாருக்குப்பா, வாங்க."

போய் வாருங்கள் சேர். அவசரமில்லை.